யார்க் நகரத்தின் பழைய புகைப்படங்கள்: தெருவில் ஆட்கள் எங்கே போனார்கள்?

பழையஒளி (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். இங்கிலாந்தின் யார்க் நகர நூலக ஆவணக் காப்பகம் 'இமேஜின் யார்க்' என்ற பெயரில் ஊரின் பழைய புகைப்படங்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. அங்கே மேய ஆரம்பித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

சில சந்தேகங்கள். ஆரம்ப காலப் படங்களில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. நல்ல வெயில், கடைகள் திறந்திருக்கின்றன, ஆனால் ஆளைக் காணோம். அடுத்தது, நிறைய படங்களுக்குச் 'சுமார் 1900' என்று பொத்தாம்பொதுவாக ஆண்டு போட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சமாவது சுருக்க வழி உண்டா? அப்புறம் ஹங்கேட் என்று ஒரு பகுதி. அதன் படங்கள் மற்றவற்றோடு ஒட்டவே இல்லை. கொல்லைப்புறம், கழிப்பறைக் கதவு, துணிக்கொடி. இதையெல்லாம் மெனக்கெட்டு யார் எடுத்தார்கள், எதற்காக?

நிழற்பெட்டி:

ஆட்கள் இருந்தார்கள். படத்தில் பதியவில்லை, அவ்வளவுதான்.

காகித நெகட்டிவ் முறையைக் கண்டுபிடித்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1845 ஜூலையில் யார்க்குக்கு வந்து படமெடுத்தார். கூடவே கால்வர்ட் ஜோன்ஸ் என்ற பாதிரியார். டால்பட் அப்போது எடுத்த லாப் லேன் படம் ஜூலை 28 அன்று எடுக்கப்பட்டது. குறுகலான சந்து, அதன் கோடியில் மின்ஸ்டர் பேராலயத்தின் கோபுரங்கள். அந்தக் காலத்து முறையில் வெயில் காய்ந்தாலும் லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தச் சந்து வழியாகக் கடந்து போய்விட்டவர் நெகட்டிவைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் வரவே இல்லை. சுவரில் சாய்ந்து சும்மா நின்றவருக்குத்தான் இடம் கிடைக்கும்.

1851இல் கொலோடியன் முறை வந்தபிறகு காத்திருப்பு விநாடிகளாகக் குறைந்தது. ஆனால் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். அதனால் படமெடுக்கிறவர் ஒரு இருட்டுக் கூடாரத்தையே ஊருக்குள் சுமந்துகொண்டு அலைந்தார். இந்தக் காலத்துப் படங்களில் மனிதர்கள் புகை மாதிரித் தெரிவார்கள். குதிரைக்கு உடம்பு இருக்கும், தலை இருக்காது. 1870களின் கடைசியில் உலர்ந்த தகடுகள் கடைக்கு வந்தன. அதற்கப்புறம்தான் நடக்கிற காலும் ஓடுகிற பையனும் தெளிவாகப் பதிகிறார்கள்.

தெரு காலியாக இருக்கிறதா, புகை மாதிரி ஆள் இருக்கிறாரா, கால் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தே எந்தக் காலம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

தேநீர்மேசை:

அந்த லாப் லேன் இப்போது எங்கே இருக்கிறது அண்ணா? வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நிழற்பெட்டி:

கிடைக்காது தம்பி. 1860களின் தொடக்கத்தில் ஒரு பக்கத்து வீடுகளை இடித்து அகலமாக்கிவிட்டார்கள். இப்போது டன்கம் பிளேஸ் என்று தேடுங்கள். பேராலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு, அகஸ்டஸ் டன்கம் பெயரில் அமைந்த தெரு. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் பேராலயத்தின் மேற்கு முகப்பைத் தூரத்தில் நின்று படமெடுப்பது அங்கிருந்துதான். டால்பட் நின்ற காலத்தில் வீடுகளுக்கு நடுவே ஒரு கீற்றாகத்தான் தெரிந்திருக்கும். எனக்கென்னவோ அந்தக் கீற்றுதான் பிடித்திருக்கிறது.

மதில்மேல்பூனை:

ஆண்டு கணிக்கும் விஷயத்தில் கொஞ்சம் பைத்தியம் எனக்கு உண்டு, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார்க்கில் கட்டடத்தை வைத்து ஆண்டு சொல்வது ஏமாற்று வேலை. அறுநூறு வருடமாக நிற்கிற பேராலயமும் மதிலும் உங்களுக்கு எதையும் சொல்லாது. புதிதாக வந்ததையும் காணாமல் போனதையும்தான் தேட வேண்டும்.

ஊஸ் ஆற்றைப் பாருங்கள். லெண்டல் பாலம் திறந்தது 1863. அதற்கு முன் அங்கே ஓடம்தான். முதலில் கட்டிய பாலம் 1861இல் சரிந்து விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டாவது பாலம் வந்ததும் கடைசி ஓடக்காரருக்கு 15 பவுண்டும் ஒரு குதிரை வண்டியும் இழப்பீடு கொடுத்தார்கள். ஆற்றில் வேலை செய்தவருக்கு வண்டியைக் கொடுத்து ரோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! கீழே ஸ்கெல்டர்கேட் பாலம் 1881. ஆக, லெண்டல் பாலம் இருந்து ஸ்கெல்டர்கேட் இல்லையென்றால் 18 வருட இடைவெளிக்குள் படம் வந்துவிட்டது.

ரயில் நிலையம் இன்னொன்று. 1841இல் மதிலுக்கு உள்ளே கட்டினார்கள், மதிலையே குடைந்து தண்டவாளம் உள்ளே போனது. இப்போதுள்ள வளைந்த கூரை நிலையம் மதிலுக்கு வெளியே, 1877இல் திறந்தது.

டிராம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். குதிரை இழுத்தால் 1880க்குப் பிறகு, மின்சாரக் கம்பி தொங்கினால் 1910 ஜனவரிக்குப் பிறகு. 1935 நவம்பரில் டிராமை நிறுத்திவிட்டார்கள். மோட்டார் வண்டிக்கு எண் பலகை 1904இல் தொடங்கியது, யார்க் நகரத்துக்குக் கொடுத்த எழுத்து டிஎன்.

சிலைகளை மறக்காதீர்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜார்ஜ் லீமன் சிலை 1885. டன்கம் பிளேஸில் போயர் போர் நினைவுச் சின்னம் 1905. கலைக்கூடத்தின் முன்னால் ஓவியர் வில்லியம் எட்டி சிலை 1911. கலைக்கூடம் தெரிகிறது, எட்டியைக் காணோம் என்றால் 1879க்கும் 1911க்கும் நடுவில்.

வடக்குவீதி:

பூனையார் சொன்னதோடு ஒன்று. அஞ்சலட்டைப் படம் என்றால் அஞ்சல் முத்திரையை நம்பவே நம்பாதீர்கள். முத்திரை, அட்டையைப் பெட்டியில் போட்ட நாளைத்தான் சொல்லும். ஃபிரான்சிஸ் ஃபிரித், வாலன்டைன் போன்ற பெரிய கம்பெனிகள் விற்கிற படத்தை வருடக்கணக்கில் அச்சிட்டுக்கொண்டே இருந்தன. 1890களில் எடுத்த தெரு 1908 முத்திரையோடு கிடைக்கலாம். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் சேதி, மறு பாதியில் முகவரி எழுத பிரிட்டிஷ் அஞ்சல் துறை அனுமதித்தது 1902இல். அப்படிப் பிரித்த அட்டை அதற்கு முன் அச்சானது இல்லை. அட்டைக்குத்தான் இது பொருந்தும். முன்பக்கத்துப் படம் எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம்.

மல்லிகாவனம்:

எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள், எனக்குப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது. ஷாம்பிள்ஸ் தெருவில் மாடிகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி முன்னால் சாய்ந்து, கீழே கல் பாவிய தரை... ஸ்டோன்கேட்டில் தெருவுக்குக் குறுக்கே போகும் அந்த விடுதிப் பலகை... விளம்பரம் இல்லை, கார் இல்லை. எவ்வளவு அழகான வாழ்க்கையைத் தொலைத்துவிட்டோம்!

வடக்குவீதி:

அக்கா, அந்த விடுதிப் பலகையே விளம்பரம்தான். ஓல்ட் ஸ்டார் இன் விடுதி தெருவை விட்டு உள்ளே சந்துக்குள் ஒளிந்திருப்பதால் 1733இல் தெருவுக்குக் குறுக்கே உத்திரம் போட்டுப் பெயரைத் தொங்கவிட்டார்கள். இன்னும் தொங்குகிறது.

ஷாம்பிள்ஸைப் பற்றி. அது இறைச்சிக் கடைத் தெரு. 1872இல்கூட 26 கசாப்புக் கடைகள் இருந்தன. சன்னலுக்குக் கீழே நீட்டியிருக்கும் அகலப் பலகை கறியைப் பரப்பி வைக்க. மேலே வரிசையாக இரும்புக் கொக்கிகள். சில கடைகளுக்குப் பின்னாலேயே வெட்டும் இடம். வெயில் படாமல் கறி கெடாதிருக்கவும் அந்தச் சாய்ந்த மாடிகள் உதவின. 1900ஐ ஒட்டிய படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், முழு முழுச் சடலங்கள் தொங்கும், தெரு நடுவே சாக்கடை வாய்க்கால் ஓடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகராட்சி வீடுகளைப் பழுதுபார்த்தது, பின்பக்கத்தில் இருந்த நெருக்கமான கட்டடங்களை எடுத்துவிட்டுச் சந்தைக்கு இடம் செய்தது. இன்றைக்கு நாம் பார்ப்பது பழுதுபார்த்து, கழுவித் துடைத்த ஷாம்பிள்ஸ். புகைப்படத்தில் நாற்றம் வராதது நமக்கு வசதி.

மல்லிகாவனம்:

ரசிக்கவும் விடமாட்டீர்களா வடக்கு! சரி, கொக்கிகளைப் பார்த்தேன். ஏதோ அலங்கார வேலை என்று நினைத்திருந்தேன்.

சுவடிச்செல்வி:

ஹங்கேட் கேள்விக்கு யாரும் போகவில்லையே. நான் போகிறேன். இந்த இழையில் உருப்படியான கேள்வி அதுதான்.

ஃபாஸ் ஆற்றங்கரையில் தாழ்ந்த நிலம். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அங்கேதான். சின்ன வீடுகள், பல குடும்பங்களுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய், பொதுக் கழிப்பறை. சீபோம் ரவுன்ட்ரீ, சாக்லேட் கம்பெனி ஜோசப் ரவுன்ட்ரீயின் மகன், 1899இல் யார்க்கின் உழைக்கும் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். 1901இல் வெளியான முடிவு: ஊரில் 20,302 பேர், அதாவது மொத்த மக்களில் 27.84 சதவீதம், வறுமையில் இருந்தார்கள். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் உள்ள குடும்பம் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டார். அதில் செய்தித்தாளுக்கோ பேருந்துக் கட்டணத்துக்கோ குழந்தைக்கு ஒரு பொம்மைக்கோ காசு கிடையாது. வறுமை லண்டனின் பிரச்சினை, பேராலயம் உள்ள அமைதியான ஊரில் அது இருக்காது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

நகராட்சியின் சுகாதார அதிகாரிகள் ஹங்கேட்டைப் பற்றி அறிக்கை எழுதினார்கள். 1930களில் குடியிருப்பை அகற்றவும் செய்தார்கள். நீங்கள் பார்க்கிற கொல்லைப்புறப் படங்களில் பெரும்பாலானவை இந்த வேலையின் மிச்சம். ஒரு வீடு மனிதர் வாழத் தகுதியில்லாதது என்று காட்ட வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். எனவே கேமரா நேராகக் கழிப்பறைக்குப் போனது, ஈரச் சுவருக்குப் போனது. வீட்டுக்குள் கணப்புக்கு மேல் அடுக்கியிருந்த பீங்கானை எடுக்க அந்தப் படக்காரருக்கு எந்தக் காரணமும் இல்லை.

வடக்குவீதி:

இதைத்தான் சொல்ல வந்தேன். மல்லிகா அக்கா பார்த்த அழகுக்கு மறுபக்கம் இது.

சுவடிச்செல்வி:

பொறுங்கள், அதையும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள். ஹங்கேட்டில் வளர்ந்தவர்களிடம் பிற்பாடு வாய்மொழி வரலாறு சேகரித்தார்கள். பணம் இல்லை, ஆனால் வாசற்படியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தோம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் உதவி கிடைத்தது என்று நினைவுகூர்ந்தார்கள். 2007 முதல் சில ஆண்டுகள் யார்க் தொல்லியல் அறக்கட்டளை அங்கே அகழாய்வு செய்தபோது இந்தச் சமீபத்திய வீடுகளின் அடித்தளங்கள், பொதுக் கழிப்பறை வரிசை உட்பட, ரோமர் காலத்து மண்ணைப் போலவே ஒவ்வொன்றாகப் பதிவாயின.

இடிப்பதற்காக எடுத்த படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. அஞ்சலட்டைக்காரர் ஷாம்பிள்ஸில் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான், இது விற்குமா என்று.

நிழற்பெட்டி:

செல்வியக்கா சொல்வதில் எனக்கு ஒரு சின்ன மாறுபாடு. அதிகாரி கழிப்பறையை எடுக்க வந்தாலும் ஓரத்தில் ஒரு பெண் ஏப்ரனைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிடுகிறாள். குழந்தைகள் கேமராவைக் கண்டால் ஓடிவந்து வரிசை கட்டுகிறார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. எடுத்தவர் நினைக்காதது படத்துக்குள் வந்துவிடுகிறது, நமக்கு இன்றைக்கு முக்கியமானதும் அதுதான். அதனால் எடுத்தவர் நோக்கத்தைத் தெரிந்துகொண்டு, அப்புறம் அதை மறந்துவிட்டு ஓரங்களைப் பார்க்க வேண்டும்.

சுவடிச்செல்வி:

ஓரங்களைப் பாருங்கள், நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் அட்டவணையில் இருக்காது. 'ஹங்கேட், கழிப்பறைகள்' என்றுதான் இருக்கும். தேடுபொறியில் அவள் கிடைக்க மாட்டாள் நிழல்.

மதில்மேல்பூனை:

நேர்மாறான நோக்கத்தோடு இயங்கியவர் ஒருவர் உண்டு. டாக்டர் வில்லியம் ஆர்தர் ஈவ்லின். வேல்ஸ்காரர், 1891இல் யார்க்குக்கு வந்த மருத்துவர். ஊரின் பழைய ஓவியம், அச்சுப் படம், வரைபடம், புகைப்படம் எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தார். குவித்ததோடு நிற்காமல் கண்ணாடி ஸ்லைடுகளாக்கி மாயவிளக்கில் திரையிட்டு ஊர்க்காரர்களுக்குச் சொற்பொழிவு செய்தார். எதையாவது இடிக்கப் பேச்சு எழுந்தால் எதிர்த்துக் குரல் கொடுப்பதில் அவர் முன்னால் நின்றார். அவருடைய சேகரிப்பை 1931இல் நகரின் கலைக்கூடத்துக்காக வாங்கினார்கள். ஸ்லைடுகள் உள்ளூர் தொல்லியல் சங்கத்திடம் இருக்கின்றன.

ஸ்லைடு என்றதும் ஒரு எச்சரிக்கை. கண்ணாடியை மாற்றிப் போட்டு ஸ்கேன் செய்தால் இடம் வலமாகிவிடும். கடைப் பலகையில் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் பிரச்சினையில்லை, கண்டுபிடித்துவிடலாம். எழுத்தே இல்லாத சந்துப் படத்தில்தான் மண்டை காய்ந்துபோகும்.

தேநீர்மேசை:

கேமராவுக்கு அகப்படாமலேயே போனது ஏதாவது உண்டா பூனை சார்?

மதில்மேல்பூனை:

அதற்கென்று ஒரு பட்டியலே உண்டு, மனதைக் கெடுக்கும். யார்க் மதிலின் பெரிய வாயில்களுக்கு ('பார்' என்பார்கள்) முன்னால் பார்பிகன் என்று ஒரு நீண்ட காப்பு அமைப்பு இருந்தது. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் பாதை, எதிரி அதற்குள் சிக்கிக்கொள்வான். வண்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மாங்க் பார், மிக்கில்கேட் பார் இரண்டிலும் 1820களில் இடித்தார்கள், பூத்தம் பாரில் 1830களில். டால்பட் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வால்ம்கேட் பாரில் மட்டும் தப்பியது, அதற்குத்தான் புகைப்படங்கள் உண்டு. மற்ற மூன்றையும் ஓவியர்கள் வரைந்ததை வைத்துத்தான் பார்க்க முடியும். ஹென்றி கேவ் 1813இல் வெளியிட்ட செதுக்கோவியங்களைத் தேடுங்கள்.

வடக்குவீதி:

போர்க்காலத்தையும் சேர்த்துவிடுவோம். 1942 ஏப்ரல் 29 அதிகாலையில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. வரலாற்று நகரங்களைக் குறிவைத்த 'பேடக்கர்' தாக்குதல்களில் ஒன்று. பதினைந்தாம் நூற்றாண்டு கில்ட்ஹால் (ஊர் மன்றக் கூடம்) எரிந்து கூரை போனது, ரயில் நிலையமும் எரிந்தது. கோனி ஸ்ட்ரீட்டில் புனித மார்ட்டின் தேவாலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னலை முன்கூட்டியே கழற்றி வைத்திருந்ததால் அது மட்டும் பிழைத்தது. தெருவுக்கு மேல் நீட்டியிருக்கும் கடிகாரத்தின் மேல் நிற்கிற குட்டிக் கடற்படைத் தளபதி பொம்மையும் தப்பிவிட்டது.

இதில் பழைய படங்கள் வெறும் நினைவுப் பொருளாக இல்லாமல் வேலைக்கு ஆனது. கில்ட்ஹாலைப் பழையபடியே கட்ட முடிவெடுத்தார்கள், 1960இல் திறந்தார்கள். மரத் தூண், கூரைச் செதுக்கல் எப்படி இருந்தது என்று தெரியாமல் அதைச் செய்ய முடியாது. தேவாலயத்தை அப்படிச் செய்யவில்லை. ஒரு பகுதியை மட்டும் எழுப்பி, மிச்சத்தைத் திறந்த முற்றமாக விட்டுவிட்டார் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பேஸ். என்னைக் கேட்டால் இரண்டில் தேவாலயம்தான் நேர்மையான வேலை. கில்ட்ஹாலுக்குள் போனால் எது பழசு என்று கண்ணுக்குப் பிடிபடாது.

மல்லிகாவனம்:

எனக்குக் கில்ட்ஹால்தான் சரி என்று படுகிறது. இருந்ததைப் போலவே வேண்டும் என்று ஊர்க்காரர்கள் நினைத்தால் அதில் என்ன நேர்மைக் குறைவு? நான் ரசனைக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், போங்கள்.

பழையஒளி:

எல்லோருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது. ஒரு படத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், கை கொடுங்கள். மேட்டின் மேல் கிளிஃபோர்ட்ஸ் டவர் என்ற பழைய கோட்டைக் கோபுரம் தெரிகிறது. ஆனால் அதைச் சுற்றி ராட்சத உயரத்தில் ஒரு கருத்த கல் மதில். இன்றைய படங்களில் அப்படி எதுவும் இல்லை. தெருவில் ஒரு மோட்டார் வண்டி நிற்கிறது, எண் பலகையில் டிஎன் என்று மங்கலாகப் படிக்க முடிகிறது. இடது ஓரத்தில் ஒரு கடைப் பலகை, பாதிப் பெயர்தான் தெரிகிறது. குறிப்பில் 'சுமார் 1900'.

மதில்மேல்பூனை:

அட, நல்ல படம். அந்தக் கருத்த மதில் யார்க் கோட்டைச் சிறையுடையது. 1820களில் தொடங்கி 1830களின் நடுவில் முடித்தது. நகராட்சி இடத்தை வாங்கி 1935இல் தகர்த்தது. வண்டி எண் இருப்பதால் 1904க்கு முன் போக வழியில்லை, மதில் நிற்பதால் 1935ஐத் தாண்டவும் வழியில்லை. 'சுமார் 1900' என்று எழுதியவர் வண்டியைப் பார்க்கவே இல்லை.

இன்னும் சுருக்க வேண்டுமென்றால் வண்டியின் விளக்கைப் பாருங்கள், எண்ணெய் விளக்கா மின் விளக்கா என்று. மேலே கம்பி ஏதாவது போகிறதா?

பழையஒளி:

கம்பி இல்லை. விளக்கு பித்தளை மாதிரி, பெரிதாக இருக்கிறது.

வடக்குவீதி:

பித்தளை விளக்கு என்றால் முதல் உலகப் போருக்கு முந்தைய வண்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பழைய வண்டியைப் பல வருடம் ஓட்டுபவர்களும் உண்டு, அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கடைப் பலகையைப் பிடியுங்கள். அந்தக் காலத்தில் கெல்லி போன்ற கம்பெனிகள் ஊர் டைரக்டரி போட்டன. தெரு வாரியாக, கதவு எண் வாரியாக, யார் என்ன தொழில் செய்தார்கள் என்று இருக்கும். பாதிப் பெயர் போதும். அந்தப் பெயர் முதலில் எந்த வருடப் பதிப்பில் வருகிறது, எப்போது மறைகிறது என்று பார்த்தால் வேலை முடிந்தது.

சுவடிச்செல்வி:

டைரக்டரியில் தேடும்போது அதே தெருவின் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவரே கையால் நிரப்பிய படிவங்கள் அதில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கடைக்காரர் மட்டுமல்ல, மாடியில் குடியிருந்தவர்களும் வருவார்கள். படத்தில் வாசலில் யாராவது நிற்கிறார்களா?

பழையஒளி:

ஒரு பையன் நிற்கிறான். தொப்பி போட்டிருக்கிறான், கையில் கூடை. பலகையில் தெரிகிற எழுத்துகளையும் கதவு எண்ணையும் நாளைக்குப் பெரிதாக்கி இங்கே போடுகிறேன்.